செட்டியார் வீட்டு அங்கணம்

ஆதிநாராயணச் செட்டியார் மண்டியைப் பூட்டிக்கொண்டு நகரிக்கு ரயிலேறிய நாளாகப் பார்த்துத்தான் சம்பூர்ணத்தின் அங்கணம் அடைத்துக்கொண்டது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மாதத்துக் காலை. அரிசி களைந்த தண்ணீரை அங்கணத்தில் கவிழ்த்துவிட்டு இட்லித் தட்டுகளைத் துலக்க உட்கார்ந்தாள். துலக்கி முடித்து நிமிர்ந்தபோதும் தண்ணீர் அங்கேயே நின்றது. வெள்ளையாக, அசையாமல், பதில் வாங்காமல் போகமாட்டேன் என்று வாசலில் நிற்கிற ஆளைப்போல. ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினாள். கரண்டிக் காம்பை விட்டுக் கிளறினாள். கொஞ்சம் புளிச்சக்கை, கறிவேப்பிலை, சாம்பல் அப்பிய தேங்காய் நார்க் கொத்து ஒன்று, இவ்வளவுதான் வந்தன. தண்ணீர் போகவில்லை. அவள் திரும்பி மண்டியின் பின்கதவைப் பார்த்தாள்.

தண்ணீர் நின்றதற்குப் பின்கதவைப் பார்ப்பானேன் என்றால், அந்த இடத்தின் அமைப்பு அப்படி. திருவள்ளூரில் தேரடியை விட்டுப் பிரிகிற தெரு ஒன்றில் முன்பக்கம் செட்டியாரின் அரிசி மண்டி. அதன் பின்னால் திறந்த முற்றம். முற்றத்துக்கு அப்பால் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். அங்கேதான் சம்பூர்ணம் மெஸ் நடத்தினாள். சமையற்கட்டு வாசலை ஒட்டி, முற்றத்து மூலையில் கல் பதித்த கழுவுமிடம் அந்த அங்கணம். முற்றத்துச் சரிவும் அதை நோக்கித்தான். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வானத்திலிருந்து விழுகிற தண்ணீரும் சுவரடியில் இருக்கிற ஒரே தூம்பில் நுழைந்து, மண்டியின் தரைக்கு அடியில் பதித்த குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகவேண்டும். தூம்பு அடைத்தால் முற்றம் நிரம்பும். முற்றம் நிரம்பினால் மண்டியின் பின்கதவுப் படியை ஏறிவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் அரிசி மூட்டைகள். கதவில் பூட்டு. பூட்டின் சாவியோ செட்டியாரின் அரைஞாணில் தொங்கிக்கொண்டு ரேணிகுண்டா பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் தெருச் சாக்கடையே பொங்கி எதிர்த்து வந்ததில் அடி மூட்டை ஒன்று நனைந்துவிட்டது. சம்பூர்ணத்தின் தப்பு அதில் கடுகளவும் இல்லை. ஆனாலும் செட்டியார் முற்றத்தின் நடுவில் நின்று சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

"ஒரு மூட்டதானேன்னு உட்டுட்டேன். இன்னொரு தபா என் சரக்கு நனைஞ்சுது, தை பொறந்ததும் நீ சட்டி பானைய எடுத்துக்கினு கெளம்பிடணும். ஆமா. சைக்கிள் கடக்காரன் இந்த எடத்த கேட்டுக்கினு நிக்கிறான்."

கிளம்பினால் எங்கே போவது? மெஸ் என்றால் புகை, எச்சில் இலை, நாள் முழுக்க ஆண்பிள்ளைகள் நடமாட்டம். அதையாவது சில வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காக்களூர் எஸ்டேட்டில் லேத்தும் வெல்டிங்கும் பார்க்கிற பையன்கள் பாதிப் பேர் நேற்றுவரை கழனி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். புருஷன் திருமலையோடு அவள் பொதட்டூர்பேட்டையை விட்டு வந்த புதிதில் அப்படிச் சாத்திய கதவுகள் ஊரில் நிறைய. ஆதிநாராயணச் செட்டியார் ஒருவர்தான் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

"துண்றவன் யாருன்னு விசாரிக்கறதுக்கு நான் இன்னா பொண்ணா குடுக்கப்போறேன்?" என்றார் அன்றைக்கு. "பசிக்கிறவன் அல்லாரும் எனுக்கு ஒரே ஜாதி. அவன் துண்ணாத்தானே என் அரிசி போவும்."

சொன்னவர் தானாக அந்த வரிசையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அது வேறு. ஆனால் அவர் கொடுத்த இடம் இந்த ஒன்றுதான். இதை விட்டால் ஊரில் இன்னொன்று இல்லை.

திருமலை கிணற்றடியிலிருந்து தோளில் துண்டோடு வந்தான். தறியை விட்டு வந்தவன். நூல் பிடித்த விரல்களால் இப்போது பீன்ஸ் நறுக்குகிறான். நறுக்கிய துண்டுகளை அளந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. நேரம்தான் கொஞ்சம் ஆகும்.

"இன்னாம்மே, கன்னத்துல கைய வெச்சிகினு குந்திகீற?"

"தண்ணி போவல மாமா."

"போவும்."

"நீ சொல்லிட்டா போயிடுமா? நாலஞ்சு நாளாவே மெதுவாத்தான் போச்சு. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். வானத்தப் பாரு, எரும மாதிரி கறுத்துக்கினு வருது. சாயங்காலம் வண்டிக்கு செட்டியாரு வந்துடுவாரு. அதுக்குள்ள மழ வந்து அந்தப் படி ஏறிச்சின்னு வெய்யி, நம்ம கத முடிஞ்சிது."

அவன் படியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனான். போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தான்.

"ஆளுங்க அல்லாரும் டேசன் ரோட்டுக்குப் போயிட்டாங்களாம். அங்க யாரோ ஆபீசர் ஊட்டு வாசல்ல தண்ணி நிக்குதாம். ரெண்டு நாளு ஆவும்னு சொல்லிட்டாங்க."

"அவுரு ஊட்டுத் தண்ணிக்குக் கூட சிபாரிசு கீது," என்றாள் சம்பூர்ணம். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

முதலில் வெந்நீர் வைத்தியம். பெரிய தவலையில் தளதளவென்று கொதிக்கவைத்து, சலவைச் சோடாவைக் கைநிறைய அள்ளிப் போட்டு ஊற்றினாள். அடைப்புக்கு ஒரு நல்ல வெந்நீர்க் குளியல் கிடைத்தது. அதற்குமேல் அது அசையவில்லை.

அடுத்தது உலக்கை. பூணில்லாத முனையில் பழைய லுங்கியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கி, தூம்பு வாய்க்குச் சரியான அளவுக்குப் பருக்கவைத்தாள். திருமலை முழங்காலிட்டு உட்கார்ந்து அதை உள்ளே தள்ளி இழுத்தான். சளக், சளக் என்று சத்தம் வந்தது. குழாய்க்குள் ஏதோ குடுகுடுவென்று பேசியது. அவன் முகம் மலர்ந்து, இன்னும் ஓங்கி ஒரு தள்ளு தள்ளி வெடுக்கென்று இழுத்தான். உள்ளே இருந்த கறுப்புத் தண்ணீர் மொத்தமும் அவன் முகத்துக்கே வந்தது.

"துப்புய்யா, துப்பு! வாய மூடிக்கினு இழுக்கக் கூடாதா?" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. அவனும் மீசையில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம சாம்பாரு ருசி உள்ள போயும் மாறல," என்றான்.

அப்போதுதான் தானியேல் வந்தான். காக்களூரில் லேத் ஓட்டுகிறவன். ராத்திரி ஷிப்டு முடிந்தால் மெஸ்ஸில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, வேப்பம்பட்டு அறைக்கு ரயிலேறிப் போய்த் தூங்குவான்.

"அக்கா, நாஷ்டா இன்னா?"

"இட்லி. துண்ணுட்டு கைய தெருவுல போய் கழுவு. அங்கணத்துல ஒரு சொட்டு உழக்கூடாது."

"ஏன்க்கா, அங்கணத்துக்கு இன்னிக்கு லீவா?"

"மூடினு துண்ணுடா. இங்க பேஜாரா கீது."

அவன் இலையைத் தூக்கிக்கொண்டே வந்து அங்கணத்தைப் பார்த்தான். இட்லியை மென்றபடி தலையை ஆட்டினான்.

"இது வேக்கம்க்கா. உள்ள காத்து பூந்து மாட்டிக்கிச்சு. அதான் தண்ணி எறங்கல. எங்க கம்பெனில மிஷினுக்குத் தண்ணி போற பைப்புல இதே கதிதான் ஆச்சு."

"அப்ப இன்னா பண்ணீங்க?"

"மெயிண்டனன்ஸ்காரன கூப்ட்டோம்."

திருமலை உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தான். தானியேல் இன்னொரு இட்லியை வாயில் போட்டுக்கொண்டான்.

முதல் தூறல் விழுந்தது. அப்புறம் முற்றத்துக் கல்லில் பெரிய பெரிய சொட்டுகள். கூரை ஓடுகள் ஒழுக ஆரம்பித்தன. சம்பூர்ணம் மண்டியின் பின்கதவை நோக்கி ஓடினாள். தன்னுடைய பழைய சேலை இரண்டைச் சேர்த்து முறுக்கி, அடுப்புச் சாம்பலைக் குழைத்து அப்பி, படியின்மேல் குறுக்கே அணை போட்டாள். அடைமழை பிடித்தால் இது ஒரு நாழிகை தாங்கும். அதற்குமேல் தாங்காது என்பது அவளுக்கே தெரிந்தது.

"கீழ ஒக்காந்து தர்க்கம் பண்ண நேரமில்ல. தானியேலு, ரயில உட்டுட்டு வாடா. உங்க மாமாவுக்குக் கை குடு."

"ரயிலு போனா போவுதுக்கா. நீ போயிட்டா சோத்துக்கு எங்க போவேன்?" என்று அவன் சட்டையைக் கழற்றினான்.

ஒட்டடைக் கழி சுவரோரம் நின்றது. தனியாக அது போதாது. கொடி கட்டுகிற மூங்கிலையும் இறக்கினார்கள். இரண்டின் முனைகளையும் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, திருமலை கிணற்றுக் கயிற்றின் பிரியைப் பிரித்துச் சுற்றிக் கட்டினான். அவன் கட்டி முடிப்பதற்குள் முற்றத்தில் கணுக்கால் தண்ணீர்.

"சீக்கிரம் மாமா! தறியில பாவா ஓட்டுற?" என்றான் தானியேல்.

"உள்ள போயி அவுந்துக்கினா அத்த எடுக்க ஒரு கழி வேணும்டா. இரு."

கழி உள்ளே போயிற்று. சகதியில் குப்புறப் படுத்துக்கொண்டு திருமலை தள்ளினான். வழவழவென்று போனது. மண்டியின் தரைக்கு அடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னும் தள்ளினான். நின்றது. குத்தினான். கழி திரும்பி வந்து அவன் உள்ளங்கையை இடித்தது.

"இன்னாது, கல்லா?" என்றாள்.

"கல்லு இல்ல. கல்லுன்னா டொக்குனு சொல்லும். மண்ணும் இல்ல. குத்துனா உள்ள போவுது, உட்டா திரும்பி வருது. தலகாணி மாதிரி கீது."

"தலகாணியா? எவன்டா சாக்கடையில படுத்துத் தூங்கறவன்?" என்றான் தானியேல்.

எவ்வளவு தூரத்தில் என்று கழியில் அடையாளம் வைத்து இழுத்து, மண்டிச் சுவரோரமாகத் தெருவுக்குப் போகிற சந்தில் பிடித்து அளந்து பார்த்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து வெகுதூரம். குழாயின் தெருவாய்க்கு மிகவும் கிட்டே. கைக்கு எட்டாத தூரம், அவ்வளவுதான். இங்கிருந்து எவ்வளவு தள்ளினாலும் அது நசுங்குமே தவிர நகராது. அங்கிருந்து யாராவது பிடித்து இழுக்கவேண்டும்.

சம்பூர்ணம் சமையற்கட்டுக்குள் ஓடிப் பரணிலிருந்து பாதாளக்கரண்டியை எடுத்துவந்தாள். கிணற்றில் விழுந்த வாளியைத் தேடி எடுக்கிற கொக்கிக் கொத்து அது. மொத்தமாகக் குழாய்க்குள் நுழையாது. தானியேல் வளையத்தை நெம்பி ஒரு கொக்கியை மட்டும் கழற்றினான். அதை உலக்கையின் முனையில் வைத்துத் திருமலை கட்டிக் கொடுத்தான். தானியேல் உலக்கையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஒருக்களித்தபடி தெருவுக்குப் போனான். அங்கே சாக்கடைப் பலகைக்கல்லில் மார்பை வைத்துப் படுத்து, குழாய் வாய்க்குள் தோள்வரை கையை விட்டான். மழையில் குடையோடு போன ஒருவர் நின்றார்.

"இன்னா நைனா தேடற?"

"உலக்கைக்கு வழி காட்டறேன் தாத்தா. நீங்க போங்க."

குழாய் அடைத்திருந்ததால் ஒருவன் பேச்சு மற்றவனுக்குக் கேட்காது. நடுவில் சம்பூர்ணம்தான் தபால். சந்துக்குள் ஓடிப்போய்ச் சேதி கேட்பாள், ஓடிவந்து சொல்வாள். அடுப்பில் சோறு வேறு. அங்கணம் இல்லாதபோது கஞ்சி வடிக்க இடமேது? அன்றைக்கென்று அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிச் சாம்பார் சாதமாகவே வேகவிட்டிருந்தாள். போகிற வழியில் ஒரு கிளறு, வருகிற வழியில் ஒரு கிளறு.

"மாட்டிக்கிச்சுன்றான்! தள்ளு!"

"தள்ளறேன்னு சொல்லு!"

"தள்ளறாரு, இழுடா!"

"கொக்கி நழுவிச்சுக்கா! நிறுத்தச் சொல்லு!"

"நிறுத்து மாமா! நழுவிச்சாம்!"

முற்றத்துத் தண்ணீர் சேலை அணையைத் தொட்டது. ஓரத்தில் சாம்பல் கரைந்து வழிந்தது. அவள் நின்று அதைப் பார்த்தாள். சமையற்கட்டிலிருந்து ஆட்டுக்கல் குழவியை இரண்டு கையாலும் தூக்கிவந்து அணைமேல் வைத்து அழுத்தினாள். வீரராகவப் பெருமாளே, தண்ணி படி ஏறாம பாத்துக்கோ என்று வேண்டிக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. சந்துக்கு ஓடினாள்.

"திரும்ப மாட்டுடா! முறுக்கி மாட்டு! சடையில ஊசி சொருகுற மாதிரி திருப்பு!"

தானியேல் உலக்கையைத் திருகினான். பல்லைக் கடித்தான். "மாட்டிக்கிச்சு. இப்ப தள்ளச் சொல்லு!"

"தள்ளு மாமோய்!"

திருமலை கழியின் அடியை மார்பில் வைத்துக்கொண்டு, கல்லில் காலை உதைத்துத் தள்ளினான். தெருவில் தானியேல் உலக்கையோடு பின்னால் சாய்ந்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் உறிஞ்சு சத்தம். கறுப்பாக, கன்றுக்குட்டித் தலை பருமனில் ஒன்று பொளக்கென்று வெளியே வந்தது. அதன் பின்னால் அந்த வாரத்துக் கழுநீர் மொத்தமும் தானியேலின் மேல் பாய்ந்தது.

சம்பூர்ணம் திரும்பி ஓடிவந்தபோது அங்கணத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. முற்றம் வடிய வடிய ஒவ்வொரு கல்லாகத் தெரிந்தது. மண்டிப் படி வெளியே வந்தது. சேலை அணைக்கு அந்தப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. திருமலை சகதியில் புரண்டு மல்லாந்து படுத்து மழையை வாயில் வாங்கிக்கொண்டிருந்தான். தூம்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா! கேக்குதா? இங்க வந்து பாரு! இந்தக் கூத்த வந்து பாருக்கா!"

தெருவில் கொட்டுகிற மழையிலேயே தானியேல் அதைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தான். சுருட்டிச் சணலால் கட்டிய கோணி. மேலெல்லாம் கஞ்சியும் சாம்பலும் ஏறித் தோல்போல் ஆகியிருந்தது. உள்மடிப்பில் மட்டும் கோணி புதுசாகவே இருந்தது. அங்கே சிவப்பு மையில் ஒரு தராசுப் படம். அந்தத் தராசுக்குச் சொந்தக்காரர் யாரென்று கேட்டால் தெருவில் திரிகிற நாய்கூடச் சொல்லும். செட்டியார் மண்டி மூட்டை ஒவ்வொன்றிலும் அது உண்டு.

"செட்டியாரு வேலக்கா இது!" தானியேலுக்கு மூச்சு வாங்கியது. "தானா பூந்துதுன்னு சொல்லுவியா? சணல் போட்டுக் கட்டிகீது. கழிய வெச்சு உள்ள தள்ளி அடிச்சிகீறாரு. உன்ன காலி பண்ணறதுக்குப் போட்ட திட்டம்க்கா! இத்த மண்டி பூட்டுமேல தொங்க உடறேன் பாரு. ஊரே பாக்கட்டும். சாயங்காலம் எஸ்டேட் பசங்க அல்லாரையும் கூட்டியாந்து வாசல்ல நிக்க வெக்கறேன்."

சம்பூர்ணம் கோணியை வாங்கிப் புரட்டினாள். அதன் ஒரு மூலை குதறிக் கிடந்தது. கொக்கி கிழித்த கிழிசல் இல்லை அது. நார் நாராகப் பிய்த்த பல் தடம். தெருவாயை நோக்கியிருந்த பக்கம் அது. விரலால் தடவிப் பார்த்தாள். செட்டியார் போன மாதம் முழுக்க மண்டியில் சாம்பிராணி போட்டதும், வாங்க வந்தவர்களை உள்ளே விடாமல் வாசலிலேயே மாதிரி அரிசியைக் கையில் கொட்டிக் காட்டியதும் நினைவுக்கு வந்தன.

"பெருச்சாளி," என்றாள்.

"இன்னா?"

"பெருச்சாளிடா. இந்தக் கொழா வழியா மண்டிக்கு வந்துகினு கீது. அத்த தடுக்க அடச்சிகீறாரு. தண்ணி கோணியில வடிஞ்சிடும், பெருச்சாளி மட்டும் நிக்கும்னு நெனச்சிகினாரு. அரிசி யாவாரிக்கு அல்லாம் கோணிதான். கஞ்சித் தண்ணி பட்டா கோணி அட்டையாயிடும்னு அவருக்கு எப்டித் தெரியும்? அவுரு இன்னா பாத்திரமா கழுவறாரு?"

"அப்ப சொல்ல வேண்டியதுதானே உங்கிட்ட?"

"அரிசி மண்டியில பெருச்சாளி கீதுன்னு வாயத் தொறந்து சொல்லுவாரா? சொன்னா நாளைக்கு எவன் வாங்குவான்?"

தானியேலுக்கு அது உறைத்தது. ஆனாலும் ஆத்திரம் இறங்கவில்லை. "எப்டி இருந்தாலும் தப்பு அவருதுக்கா. உன்ன மெரட்டுனாரு இல்ல? நாலு பேரு எதுர்ல மானம் போனாத்தான் புத்தி வரும்."

"வரும். மானம் போன செட்டியாரு ஊட்லதான் அப்பால நானு குடியிருக்கணும். மொகத்துல முழிக்க மாட்டாம, வேற ஒரு சாக்கு சொல்லி என்ன கெளப்பி உட்டுடுவாரு. தோத்துப் போனவரோட ஒரே முத்தத்துல பொழங்க முடியாதுடா." அவள் கோணியைப் பிழிந்தாள். "நீ இத்த பத்தி மூச்சு உடக்கூடாது. பசங்ககிட்டயும்தான். அண்டாவுல அடிப்புடிச்ச காந்தல் கீது. மொத்தமும் உனுக்கு."

தானியேல் யோசித்தான். நீதி ஒரு பக்கம். நெய் முறுகிய காந்தல் ஒரு பக்கம்.

"அப்பளமும்?" என்றான்.

"அப்பளமும்."

மதியம் எஸ்டேட்டுக்குப் போன கேரியர்கள் வழித்து நக்கியதுபோல் காலியாகத் திரும்பி வந்தன. இனிமேல் செவ்வாய்க்கிழமை தோறும் இந்தச் சாதமே போடச் சொல்லி எலக்ட்ரீசியன் பாக்கியராஜ் சேதி அனுப்பியிருந்தான். சம்பூர்ணம் கோணியைச் சவுக்காரம் போட்டு வெளுத்து, விறகடுப்புக்கு மேலே கொடி கட்டி அதில் உலரப் போட்டாள். மழை நாளில் அது பாதிதான் காய்ந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே செட்டியார் வந்துவிட்டார். குடை இருந்தும் நனைந்திருந்தார். நேரே மண்டியைத் திறந்தார். உள்ளே மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. பின்கதவு திறந்தது. கல்லெல்லாம் கழுவி விட்டதுபோல் கிடந்தது. படியில் சாம்பல் கறை. அவர் கண் அங்கணத்துத் தூம்பில் போய் நின்றது.

"ஏம்மா சம்பூர்ணம், நகரியில பேய் மழ. இங்க எப்டி?"

"இங்கயும் அதான் செட்டியாரே."

"தண்ணி... நின்னுதா?"

"கொஞ்சம் நின்னுச்சு. அப்பால போயிடுச்சு."

"போயிடுச்சா?" அவர் குரலில் நிம்மதி பாதியும் திகில் பாதியும் இருந்தன. "எப்டிப் போச்சு?"

"அத்த அப்பால பேசிக்கலாம். உங்க ஊட்டம்மா நகரியில மக பிரசவத்துக்குத் தங்கிட்டாங்களாமே. ஊட்ல யாரு ஒல வெப்பாங்க? ரெண்டு வாய் இங்கயே துண்ணுட்டுப் போங்க."

மறுக்கத்தான் வாயெடுத்தார். சாம்பார் சாதத்தில் சம்பூர்ணம் நெய்யை ஊற்றிக் கிளறினாள். வாசனை முற்றம் தாண்டி வந்தது. மகள் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ரயில்வே டீயைத் தவிர வேறு எதையும் பார்க்காத வயிறு அது. செட்டியார் குடையைச் சுவரில் சாய்த்தார்.

கூடத்தில் தானியேல் காந்தலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இலை போட்டாள். இலைக்குப் பின்னால் மடித்த கோணியை விரித்தாள்.

"தரை ஈரமா கீது. இதும்மேல குந்துங்க."

செட்டியார் குந்தினார். முதல் கவளம் உள்ளே போயிற்று. இரண்டாவது கவளத்தில் அவர் கொஞ்சம் நெளிந்தார். ஈரம் வேட்டியைத் தாண்டி உடம்புக்கு எட்டிவிட்டது. மூன்றாவது கவளத்தை எடுக்கக் குனிந்தபோது, சப்பணமிட்ட முழங்கால்களுக்கு நடுவில், வெளுத்த கோணியில் சிவப்பாக ஒரு தராசு அவரைப் பார்த்துச் சிரித்தது.

கை நின்றது. காந்தலைக் கடிக்கிற தானியேலின் பல் சத்தம் மட்டும் கேட்டது. கன்னம் உப்ப, கண்ணீர் வருமளவுக்கு அவன் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். திருமலை கூரையைப் பார்த்தான்.

செட்டியார் மெதுவாகத் தலை நிமிர்ந்து சம்பூர்ணத்தைப் பார்த்தார். அவள் கையில் ரசக் கரண்டி. முகத்தில் ஒன்றுமில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேரம் பேசியவர் அவர். எதிராளி விலையைச் சொல்லாமல் சும்மா நிற்பதைப்போலக் கஷ்டமான பேரம் வேறு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"பன்னிக்குட்டி சைசும்மா," என்றார் கடைசியில், தணிந்த குரலில். "தரையப் பேத்துக்கினு வந்துட்டுது. மூலையில மண்ண இம்மாந்தூரம் தள்ளி வெச்சிகீது. நான் யாருகிட்ட போய் சொல்லுவேன்?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. நாங்களும் சொல்லல. தானியேலு, தெருவாய்க்கு ஒரு கம்பி ஜாலி பண்ணித் தருவ இல்ல?"

தானியேல் விழுங்கிவிட்டுத் தலையாட்டினான். "தண்ணி போற மாதிரி, பெருச்சாளி போவாத மாதிரி. கோணி இல்லாம."

செட்டியார் அதை வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை. "ரசம் ஊத்தும்மா," என்றார். ஊற்றினாள். ஊற்றும்போதுதான் கேட்டாள்.

"தை பொறந்தா ஊட்ட காலி பண்ணணும்னு சொன்னீங்களே, செட்டியாரே."

"தை பொறந்தா பொங்கல் வெப்பாங்க. ஊட்டயா காலி பண்ணுவாங்க?" என்று சள்ளென்று விழுந்தார். "பொங்கலுக்குப் புது அரிசி நானே எடுத்து வெக்கறேன். போம்மா, போயி அப்பளம் கொண்டா."

திருமலை தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சமையற்கட்டுக்குள் போன சம்பூர்ணம் அப்பளத்தை எடுக்காமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

சாப்பிட்டு எழுந்த செட்டியாரின் வேட்டியில் பின்னால் ஒரு பெரிய சதுர ஈரம். அவர் அதைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து, மிகவும் சாதாரணமாக, கோணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சம்பூர்ணம் அதை அவர் கக்கத்திலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

"இருக்கட்டும் செட்டியாரே. அம்மா வர்றவரைக்கும் நீங்க இங்கதானே துண்ணணும்? குந்தறதுக்கு வேணும் இல்ல?"